நாலு பேருக்கு ஒரு சிம்

சரோஜம்மாளுக்கு வியட்நாம் என்பது ஒரு சாப்பாட்டு மேசை. மகள் ஜெயப்ரியா அந்த நாட்டுக்குப் போய் ஒன்றரை மாதமாகிறது. அந்த மேசையைத் தவிர அங்கே வேறெதையும் சரோஜம்மாள் பார்த்ததில்லை. வெளிர்பச்சை மேசை, அதன்மேல் ஒரு தண்ணீர் ஜக்கு, சாப்பிடும் குச்சிகளை நிறுத்திவைத்த டப்பா, பின்னால் தட்டுக் கழுவும் தொட்டி. ஓசூரை அடுத்த பேரிகை ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துக் கொட்டகையில், தக்காளி தரம் பிரிக்கிற இடத்தில், காலி பிளாஸ்டிக் கிரேட் ஒன்றின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் தவறாமல் அந்த மேசையைப் பார்ப்பாள்.

ஜெயப்ரியா வேலை பார்ப்பது ஓசூருக்கு வெளியே, போனுக்கு உள்பாகம் செய்கிற ஒரு கம்பெனியில். டிப்ளமோ முடித்து நாலு வருஷமாக அங்கேதான். புது உற்பத்தி லைன் ஒன்று வரப்போகிறது, அதற்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று நாலு பேரைப் பொறுக்கி மூன்று மாதப் பயிற்சிக்கு வியட்நாம் ஆலைக்கு அனுப்பினார்கள். முடித்து வந்தால் லைன் லீடர். போன்களைச் செய்து குவிக்கிற வேலைதான். ஆனால் அங்கே போனதும் வீட்டுக்குப் பேச வழியில்லாமல் நின்றார்கள். இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஓசூர் கடைக்காரன் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா கோவிந்தப்பன் கடைப்படியை விட்டே இறங்கிவிட்டார். தங்கும் விடுதியில் வைஃபை உண்டு என்று கம்பெனி சொல்லியிருந்தது. இருந்தது, ஒரு வணக்கம் அனுப்பினால் அது மறுநாள் போய்ச் சேர்ந்தது.

கூடப் போன மோகன்குமார்தான் வழி கண்டுபிடித்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவன். ஆலை கேட்டுக்கு எதிர்க்கடையில் தன் பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த ஊர் சிம் ஒன்று வாங்கினான். ஒரு மாத நெட் நாலு பேர் பேசினாலும் தீராது. செலவை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். சிம் அவன் போனில் கிடக்கும். ஜெயப்ரியா, ராயக்கோட்டை சௌமியா, தெற்கத்திப் பெண் பொற்கொடி மூவரும் அவன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்வார்கள். ஆண்கள் விடுதி தனி, பெண்கள் விடுதி தனி, நடுவில் கேன்டீன். அதனால் ஷிப்ட் முடிந்ததும் நாலு பேரும் கேன்டீன் மேசைக்கு வந்து, நாலு போனில், நாலு வீட்டோடு ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவனை விட்டுப் பத்தடி நகர்ந்தால் நெட் போய்விடும்.

இதனால் நேர்ந்த ஒரு விசேஷம், நாலு வீட்டுச் சத்தமும் நாலு வீட்டுக்கும் கேட்டது. சௌமியா வீட்டில் மாடு கன்று போட்டது சரோஜம்மாளுக்குத் தெரியும். மோகன்குமாரின் அம்மா தங்கமணிக்கு முழங்கால் வலி என்பதும் தெரியும்.

"என்னாம்மா கொழம்பு?"

"அவரக்கொட்ட பிதுக்கி வெச்சேன் கண்ணு. அப்பா வந்தா களி கிளறணும். நீ என்னா தின்ன?"

"சோறுதான். கூட மீனு மாதிரி என்னமோ வெச்சாங்க. சௌமியா கொண்டாந்த பருப்புப்பொடி இருக்குது, அதுல ஓடுது."

பக்கத்திலிருந்து அந்தப் பையன் தலையை நீட்டுவான். "அம்மா, நல்லாருக்கீகளா? தக்காளி வெல ஏறுச்சா?"

"எங்க தம்பி ஏறுது. ராயக்கோட்ட மண்டிக்கு ஏத்துன வண்டி வாடகைக்கே சரியாப் போவுது. உங்கம்மாக்கு காலு தேவலையா?"

"தைலம் தேய்க்கிறாக. நடந்தாத்தானே தேவலையாகும், ஒக்காந்தே இருக்காக."

சரோஜம்மாள் சிரிப்பாள். சுற்றிலும் உட்கார்ந்து தக்காளி பிரிக்கிற பெண்களும் சிரிப்பார்கள். ஒருநாள் மகளிடம் அவளே வாய்விட்டுச் சொன்னாள்: "அந்தத் தம்பி இல்லன்னா நாம மொகம்கூட பாத்துக்க முடியாதுடி. நல்லா இருக்கட்டும்."

ஜெயப்ரியாவுக்குத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை மாதேஸ்வரன் ஊத்தங்கரைப் பக்கம். வானம் பார்த்த பூமி. நிலம் கிடக்கிறது, மழைதான் இல்லை. அதனால் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் மிஷின் கம்பெனி ஒன்றில் ஆறேழு வருஷமாக வேலை. மெதுவாகப் பேசுகிற ஆள். அம்மா ருக்மணி மட்டும்தான், அப்பா இல்லை. ஜெயப்ரியா வந்ததும் தை கடைசியில் கல்யாணம் என்று சூளகிரியில் மண்டபமும் சொல்லியாயிற்று. வீட்டோடு பேசி முடித்தபிறகு, அதே மேசையிலிருந்தே மாதேஸ்வரனிடமும் ஜெயப்ரியா பேசுவாள். வேறெங்கே போய்ப் பேச முடியும்?

ஒருநாள் அப்படிப் பேசும்போது, "ஜெயா, அந்த சார்ஜரை இங்கிட்டு தள்ளு" என்று ஒரு ஆண்குரல் அவன் காதில் விழுந்தது. யார் என்று கேட்டான். மோகன், கூட வேலை செய்கிறவர், அவர் போனில்தான் நாங்கள் எல்லோரும் நெட் எடுக்கிறோம் என்று அவளும் சொன்னாள். சரி என்றான். மறைக்க ஒன்றுமில்லாததால் அவளுக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியாகவே படவில்லை. அவன் கேட்டதை வீட்டிலும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் பேரிகை வந்து இறங்கினார்கள். மார்கழிப் பனி, ஒன்பது மணி ஆகியும் எதிர்த்தோட்டம் தெரியவில்லை. முகூர்த்தச் சேலைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்க வந்தோம் என்றாள் ருக்மணி. அதைப் போனில் கேட்டிருக்கலாம். பனியில் தக்காளிச் செடி இலை கருகிக்கொண்டிருந்தது, மருந்தடிக்க வேண்டிய காலை. கோவிந்தப்பன் மருந்து டிரம்மை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

காபி குடித்து, கல்யாணப் பேச்சு இரண்டு சுற்று வந்தபிறகு ருக்மணி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஜெயா தெனம் பேசிகினு இருக்குதா சம்பந்தி?"

"பேசுதே. சாயங்காலமானா வந்துடும்."

"நெட்டுக்கு என்னா பண்ணுது? எங்க தெரு பையன் ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கிறான். அவன் சொன்னான், வெளிநாட்ல போன் பேசறதுக்கே பாதி சம்பளம் பூடுதுன்னு."

"அது வந்து, அங்க கூட வேல செய்யிற…" என்று சரோஜம்மாள் வாயெடுத்தாள்.

கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கன்னடம் புழங்காத கீழ்ப்பக்கத்து உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஏதாவது பேச வேண்டுமென்றால், எழுந்து அடுத்த அறைக்குப் போகமாட்டார்கள். கன்னடத்துக்குப் போவார்கள். அரிசி இல்லை, கடன் கேட்பார் போலிருக்கிறது, இவர்கள் எப்போது கிளம்புவார்கள் எல்லாமே விருந்தாளி முன்னாலேயே கன்னடத்தில் முடிந்துவிடும். பிறந்ததிலிருந்து நடக்கிற காரியம், யோசித்துச் செய்வதில்லை. மாதேஸ்வரன் வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். கோவிந்தப்பன் பெண்டாட்டி பக்கம் திரும்பி, பால் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"ஆ ஹுடுகன விஷ்ய ஹேளபேடா. பரீ ஹெண்மக்களு அந்த ஹேளு."

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லாதே, பெண்பிள்ளைகள் மட்டும்தான் என்று சொல் என்று அர்த்தம். சரோஜம்மாள் தலையைக்கூட அசைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கூட வேல செய்யிற பொண்ணுங்க சம்பந்தி. நாலும் பொட்டப்பிள்ளைங்க. சேந்து ஒரு சிம்மு வாங்கி வெச்சிகினு இருக்குதுங்க."

"நாலும் பொண்ணுங்களா?"

"நாலும்தான். பின்ன, ஆம்பள கூடவா அனுப்புவோம்?"

மாதேஸ்வரன் போனிலிருந்து நிமிர்ந்தான். "சிம்மு யாரு பேர்ல அத்த?"

"பொற்கொடின்னு ஒரு பொண்ணு. தெக்கத்திப் பொண்ணு, நல்ல பொண்ணு. அது பேர்லதான்."

சொல்லிவிட்டு, பொற்கொடிக்கு இரண்டு தம்பிகள் என்றும் அப்பா லாரி ஓட்டுகிறார் என்றும் கேட்காததையும் சேர்த்தாள். ஒரு பொய் சொன்னால் அதற்குக் கை கால் வைத்து நடக்கவிடாமல் நம்மவர்களுக்குத் திருப்தி வராது. மாதேஸ்வரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். உட்கார்ந்து சாப்பிட்டான், களியை இரண்டாம் தரம் வாங்கினான், குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். கிளம்பும்போது அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மாமனாரைப் பார்த்துச் சொன்னான்:

"பர்த்தீனி மாவா."

போய் வருகிறேன் மாமா என்கிறான். பெங்களூரில் பிறந்தவன்போல் அத்தனை சுத்தமாக வந்தது. வண்டி பனிக்குள் போன பிறகும் கோவிந்தப்பன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பொம்மசந்திராவில் ஆறேழு வருஷம் வேலை பார்க்கிறவனுக்குக் கன்னடம் தெரியாமல் வேறு எவனுக்குத் தெரியும்? ஜாதகம் பார்த்தார், நிலம் எவ்வளவு என்று பார்த்தார், இதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜெயப்ரியா கூப்பிட்டபோது கொட்டகையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான் இருந்தார்கள். தக்காளி பிரிக்க யாரையும் கூப்பிடவில்லை.

"அம்மா, அவங்க வந்தாங்களாமே. என்னா கேட்டாங்க?"

சரோஜம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

"நான்தான் அவருகிட்ட மொதல்லயே சொல்லிட்டனே. மோகன் சிம்முன்னு."

"சொல்லிட்டியா?"

"கேட்டாரு, சொன்னேன். அதுல மறைக்கிறதுக்கு என்னா இருக்குது? நீங்க எதுக்குப்பா பொய் சொன்னீங்க?"

"உனுக்காகத்தான்டி" என்றார் கோவிந்தப்பன். "ஊத்தங்கரைக்காரங்களுக்கு நெட்டும் ஹாட்ஸ்பாட்டும் என்னா தெரியும்? ஆம்பள பையன் போன்ல ஒட்டிகினு பேசுதுன்னா வேற மாதிரி நெனப்பாங்க."

"அவங்க நெனைக்கலப்பா. நெனச்சிடுவாங்கன்னு நீங்க நெனச்சீங்க. இப்ப நெனைக்கிறாங்க."

மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மோகன்குமார் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. பாவம், எழுந்து போய்விட்டால் மரியாதை என்று நினைத்திருப்பான். அவன் எழுந்து நடந்தான். அவன் சட்டைப்பையிலிருந்த நெட்டும் கூடவே நடந்தது. மகள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

மாதேஸ்வரன் இரண்டு நாள் விட்டுக் கோவிந்தப்பனைக் கூப்பிட்டான். சண்டைக்கு வருவான் என்று இவர் எதிர்பார்த்தார். அவன் குரலே உயரவில்லை.

"நான் சந்தேகப்படல மாமா. ஜெயா என்கிட்ட உண்மைய சொன்னா. நீங்கதான் மறச்சீங்க. பெத்தவங்களே மறைக்கிற அளவுக்கு என்னா இருக்குதுன்னு எங்கம்மா கேக்குது. நான் என்னா சொல்றது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. பயந்துகினு ஒரு வார்த்த சொல்லிட்டோம். ஜெயா அப்பிடிப்பட்ட பொண்ணு இல்ல."

"எனக்குத் தெரியும் மாமா. அதனாலதான் கல்யாணத்த நிறுத்தணும்னு அம்மா சொன்னப்பகூட நான் ஒத்துக்கல. அவளுக்கு நானே ரோமிங் போட்டுட்டேன், ட்ரெய்னிங் முடியற வரைக்கும். பெரிய டேட்டா பேக்கு. இனிமே அவ யார் போன்லயும் ஒட்ட வேணாம், அந்த மேசையில ஒக்கார வேணாம். ரூம்ல இருந்தே பேசட்டும்."

கோவிந்தப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தான் விலை கேட்டுப் படியிறங்கிய அந்த ரோமிங்கை மாப்பிள்ளை யோசிக்காமல் போட்டிருக்கிறான். மறுநாள் சரோஜம்மாள் தக்காளி பிரிக்க வந்த சம்பங்கியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இப்படிச் செலவு செய்கிறவர் யார் இருக்கிறார் என்றாள். சம்பங்கியும் ஆமாம் என்றாள். ஊரே ஆமாம் என்றது. ஒரு ஆள் ஒரு பெண்ணுக்குச் செலவு செய்தால் எதற்குச் செய்கிறான் என்று யார் கேட்கிறார்கள்?

ஜெயப்ரியா அன்று முதல் அறையிலிருந்து பேசினாள். மேசை இல்லை, மற்ற வீட்டுச் சத்தம் இல்லை. மூன்று பேரும் கேன்டீனில் சிரித்துப் பேசுகிற நேரத்தில் அவள் இரும்புக் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதல் நாலைந்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், அம்மா களிக்கு உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், ஆரம்பித்தாள்.

"அம்மா, எனக்கு இந்த ரோமிங் ரீசார்ஜ் வேணாம். அவருகிட்ட அப்பாவ சொல்லச் சொல்லு. நான் தனியா என் பாஸ்போர்ட்டுல ஒரு சிம்மு வாங்கிக்கிறேன். என் காசுல வாங்கிக்கிறேன்."

"ஏன்டி, பேசறதுக்கு நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குது. எந்நேரமும் இருக்குது, அதான். ஷிப்ட்டுல போனை லாக்கர்ல வெச்சிடணும், அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அடிச்சிகினே இருக்கறாரு. வெளிய வந்தா ஏன் எடுக்கலன்னு கேக்கறாரு. சாப்பிடப் போனா வீடியோ போடச் சொல்றாரு, யாரு பக்கத்துல ஒக்காந்து இருக்கறாங்கன்னு பாக்கறதுக்கு. ரூமுக்கு வந்தா போனை சுத்திக் காட்டச் சொல்றாரு. கட்டிலுக்கு அடியில காட்டச் சொல்றாரும்மா."

களத்திலிருந்து கோவிந்தப்பன் வந்து போனுக்கு முன்னால் குனிந்தார்.

"கட்டிக்கப்போறவன் கேக்கறான். ரெண்டு மாசத்துக்கு கேப்பான். கல்யாணம் ஆனா எதுக்கு கேக்கறான்?"

"ஆனா இன்னும் கேப்பாருப்பா."

"இப்ப என்னா பண்ணச் சொல்ற?"

"நிறுத்திடலாம்."

அவள் அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. கெட்டுப்போன தக்காளியைக் கிரேட்டிலிருந்து எடுத்து ஓரமாகப் போடுகிற மாதிரிச் சொன்னாள். கோவிந்தப்பன் கிரேட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்டபம் சொல்லியாச்சு. பத்திரிகை அடிக்க குடுத்தாச்சு. அதெல்லாம்கூட போவட்டும். இப்ப நின்னுச்சுன்னா, எதனால நின்னுச்சுன்னு கேப்பாங்க. அந்தப் பையனாலன்னு ஆயிடும். இல்லாத ஒண்ண நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் உனக்கு எங்க போயி மாப்ள பாக்கறது?"

"அத உண்டாக்கினது நீங்கதானேப்பா."

"ஆமா. நாந்தான். அதுக்கு என்னா செய்யட்டும்? செருப்பால அடிச்சிக்கட்டுமா?"

சரோஜம்மாள் போனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆசையிலதான்டி கேக்கறாரு. இஷ்டம் இல்லாதவன் காசு போடுவானா? கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு." தான் சொல்வதை அவளே நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். மனசு நம்பாவிட்டாலும் வாய் நிற்காமல் பேசும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது கைவந்த வித்தை.

ருக்மணி அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தாள். பிரியமாகத்தான் பேசினாள். கடைசியில் மட்டும், "நீங்களும் ஒரு கண்ணு வெச்சிகினு இருங்க சம்பந்தி, பெத்தவ பாக்கற மாதிரி வராது" என்பாள். சரோஜம்மாள் சரிங்க என்பாள். ஒருமுறை சொன்ன பொய்க்கு எத்தனை முறை சரிங்க போட்டாலும் கழியவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். மார்கழித் தூறல் தக்காளிக்கு எமன். கோவிந்தப்பன் மருந்து வாங்க பேரிகைக்குள் போயிருந்தார். சம்பங்கியும் வரவில்லை. சரோஜம்மாள் தனியாக உட்கார்ந்து புள்ளி விழுந்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மகள் கூப்பிட்டாள். அன்று கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாள். தேர்வு மாதிரி ஒன்று வைத்தார்களாம், அதில் அவள்தான் முதலாம். அந்த ஊர் சூப்பர்வைசரம்மா கையைப் பிடித்துக் குலுக்கினாளாம்.

"லைன் லீடர் உறுதிம்மா. இங்கயே மெயில் போட்டுட்டாங்க."

"எஞ்சாமி. அப்பா வரட்டும், சொல்றேன்."

அப்போது மகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. பக்கத்தில்தான். என்ன பாஷை என்று தெரியவில்லை.

"யாருடி அது?"

"வராண்டாவுல தண்ணி பைப்பு ஒடஞ்சி போச்சும்மா. சரி பண்ற ஆளு."

சரோஜம்மாளுக்கு அது உண்மை என்று தெரியும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மகளை அவளுக்குத் தெரியும், மோகன்குமாரையும் தெரியும். அவன் அம்மாவின் முழங்கால்வரை தெரியும். துளிச் சந்தேகமும் அவளுக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு ருக்மணி கூப்பிடுவாள், ஏதாவது கேட்பாள், தான் பதில் சொல்ல வேண்டும் என்பது முன்னால் வந்து நின்றது. அழுகின தக்காளி கையில் இருக்க, குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னாள்:

"போனை ஒரு சுத்து காட்டு கண்ணு."

ஜெயப்ரியா எழுந்தாள். போனைத் திருப்பினாள். சுவர் வந்தது. சௌமியாவின் கட்டில், மடித்த போர்வை, ஜன்னல், கயிற்றில் காய்கிற யூனிஃபார்ம். குளியலறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உள்ளே காட்டினாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் காட்டினாள்; ஒரு பெட்டி, ஒரு ஜோடி செருப்பு. போதும்டி என்றாள் சரோஜம்மாள். அவள் நிறுத்தவில்லை. அலமாரியைத் திறந்து துணிகளை ஒதுக்கிக் காட்டினாள். கடைசியில் வராண்டாக் கதவைத் திறந்தாள். நீல உடுப்புப் போட்ட வயதான ஆள் ஒருவர் குந்தி உட்கார்ந்து, கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தார். போனில் ஒரு அம்மாளைக் கண்டதும் சிரித்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

முகம் திரும்பி வந்தது.

"போதுமாம்மா?"

"சம்பந்தி கேட்டா சொல்றதுக்குத்தான்டி. நான் உன்ன…"

"கட்டிக்கப்போறவருக்கு தெனமும் காட்டறேன். அவரு யாரோ. நீ மட்டும் கேக்கமாட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"கண்ணு…"

"இனிமே எதுன்னாலும் அவருகிட்டயே கேட்டுக்கோம்மா. என்னால ரெண்டு பேருக்கும் காட்ட முடியாது."

திரை இருண்டது. சரோஜம்மாள் பழக்கதோஷத்தில் போனைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நெட் நன்றாகத்தான் இருந்தது. மகள்தான் வைத்துவிட்டாள்.